வேணுகான வித்துவான் சரப சாஸ்திரியார்

நாகலாபுரம், விளாத்திகுளம், எட்டயபுரம் ஆகிய ஊர்களுக்கிடையே பரந்து கிடக்கும் கரிசற் பூமியிற் பிறந்து வளர்ந்தோர்க்குப் புல்லாங்குழலின் ஓசை புதிதன்று. பருத்தியும் கம்பும் சோளமும் வீடு சேர்ந்தபின், வெறுமையாய்க் கிடக்கும் புஞ்சைகளில் ஆட்டுக்கிடை அமர்த்தி இராக்காவல் இருப்போர், தம் தனிமை தீரக் குழலூதுதல் இந்நாட்டின் பழைய வழக்கம். நெடுந்தொலைவு மரமும் மலையும் இல்லாத வெளியாதலின், அவ்வோசை காற்றில் மிதந்து வந்து ஊர்ப்புறத்தே உறங்காதிருப்போர் செவியிலும் விழும். கேட்போர் மகிழ்வர். ஆயினும் அதனைச் சங்கீதம் என்று யாரும் எண்ணுவதில்லை. ஆடு மேய்ப்பவன் கைக்கருவி என்றே அதனை மதித்து, மறுநாட் காலையில் மறந்துவிடுவர்.

இங்ஙனம் கிடைக்கும் கொல்லைக்கும் உரியதென்று ஒதுக்கப்பட்டிருந்த அம்மூங்கிற் குழலை, கற்றோர் நிறைந்த சங்கீத சபையின் நடுவே தலைமை வாத்தியமாக அமரச் செய்தவர் ஒருவர் உளர். அவர் பிள்ளைப் பருவத்திலேயே கண்ணொளி இழந்தவர். முப்பத்திரண்டு ஆண்டுகளே இவ்வுலகில் வாழ்ந்தவர். கும்பகோணம் சரப சாஸ்திரியார் என்பது அவர் பெயர். அவருடைய வரலாற்றை ஒருவாறு தொகுத்துக் கூறுதலே இங்கு நம் நோக்கமாகும்.

குழலின் பழம்பெருமை தமிழ் மக்கள் அறியாததன்று. கண்ணபிரான் கையிலுள்ள குழலை அறியாத குழந்தையும் நம் நாட்டில் இல்லை. குழலில் ஐந்தெழுத்தை இசைத்தே பேறு பெற்ற ஆனாய நாயனாரைத் திருத்தொண்டர் வரலாறு போற்றுகின்றது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் தண்ணுமையாசிரியனுக்கு அடுத்துக் குழலோனுக்குத் தனி இலக்கணம் வகுக்கப்பட்டிருக்கின்றது. அதற்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி ஆகிய ஐந்தினாலும் குழல் செய்யப்படும் என்றும், அவற்றுள் மூங்கிலே உத்தமம் என்றும், துளைகள் இன்னவாறு அமைய வேண்டுமென்றும் விரித்துரைக்கின்றார். பண்டைக் காலத்தில் குழலோசையைத் தழுவியே யாழ் சென்றது என்பதும் அவ்வுரையால் விளங்கும்.

அவ்வளவு உயர்ந்திருந்த கருவி பிற்காலத்தில் ஏன் தாழ்ந்தது? காரணம் பல. கோயில்களில் நாகசுரத்தின் பேரோசை ஓங்கிற்று. அரண்மனைகளில் வீணை தலைமை பெற்றது. சதிர்க்கச்சேரியில் குழல் ஒரு துணைக்கருவியாய்ப் பின்வரிசையில் நின்றது. தியாகையர், முத்துசாமி தீக்ஷிதர், சியாமா சாஸ்திரிகள் ஆகிய மூவர் காலத்திற்குப்பின், சங்கீதம் மிக நுண்ணிய கமகங்களால் நிறைந்து வளர்ந்தது. ஒரு சுரத்தினின்று மற்றொரு சுரத்திற்கு இழைந்து செல்லுதலும், ஒரே சுரத்தை அசைத்து நிறுத்துதலும் இராகத்தின் உயிர் என்று கொள்ளப்பட்டன. வாய்ப்பாட்டில் அது இயல்பாய் வரும்; வீணையில் தந்தியை இழுத்தால் வரும்; பிடிலில் விரலை வழுக்கினால் வரும். குழலிலோ ஒவ்வொரு துளையும் ஒரு படிக்கட்டுப்போல் தனித்து நிற்பது. படிக்கட்டில் ஏறி இறங்கலாமேயன்றி இழைந்து செல்ல இயலாது என்று பலரும் கருதினர். ஆகவே பெரிய இராகங்களை விரித்து இசைக்கவும், கீர்த்தனங்களைப் பிழையின்றி வாசிக்கவும் குழல் தகுதியற்றது என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது.

சரப சாஸ்திரியார் 1872ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் தோன்றினார். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையே விளங்கும் அந்நகரம் கோயில்களாலும் மகாமகத்தாலும் புகழ்பெற்றது. அக்காலத்தில் கல்வியாலும் சங்கீதத்தாலும் தென்னாட்டில் முதல் வரிசையில் நின்றது. அங்குள்ள கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழாசிரியராய் அமர்ந்திருந்த உ. வே. சாமிநாதையர், அழியும் நிலையிலிருந்த ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஆராய்ந்து அச்சேற்றிக்கொண்டிருந்தார். சங்கீதத் துறையில் மகாவைத்தியநாதையர், பட்டணம் சுப்பிரமணிய ஐயர், திருக்கோடிகாவல் கிருஷ்ணையர் முதலியோர் சோழநாடெங்கும் புகழ் பரப்பி விளங்கினர். கல்யாணமாயினும் உற்சவமாயினும் பெரிய வித்துவான்களின் கச்சேரி இன்றி நிறைவுறாத காலம் அது. வீதியில் நடந்து செல்பவன் செவிக்கும் நல்ல சங்கீதம் தானே வந்து எட்டும்.

அத்தகைய நகரில் பிறந்த அக்குழந்தை, உலகத்தைக் கண்ணால் அறிந்துகொள்ளும் முன்னரே பார்வையை இழந்தது. அக்காலத்தில் அந்நிலை எத்தகையதென்று நாம் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். பார்வையற்ற குழந்தைக்குப் பள்ளிக்கூடம் என்பது அன்று இந்நாட்டில் இல்லை. இந்தியாவில் முதன்முதலாகப் பார்வையற்றோர்க்கென ஒரு பள்ளி அமிர்தசரஸில் 1887இல் ஆனி ஷார்ப் என்னும் அம்மையாரால் நிறுவப்பட்டது. நம் திருநெல்வேலிச் சீமையில் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் அத்தகைய பள்ளியொன்றைத் தொடங்கினார். அவ்வாண்டில் சரப சாஸ்திரியாருக்கு வயது பதினெட்டு. அவருடைய கல்விப் பருவம் பெரும்பாலும் கழிந்துவிட்டது. கண்ணற்ற பிள்ளையை வீட்டின் மூலையில் இருத்திச் சோறிட்டுக் காப்பதே பெற்றோர் கடமையென்றும், வறியவராயின் கோயில் வாயிலில் இருத்துவதே வழியென்றும் மக்கள் கருதியிருந்த காலம் அது.

கடல் கடந்த நாடுகளிலும் இந்நிலை மாறத் தொடங்கியதற்குச் சங்கீதமே ஒரு காரணமாயிற்று என்பது அறியத்தக்கது. வியன்னா நகரத்தில் 1759இல் பிறந்த மரியா தெரேசியா பாரடிஸ் என்னும் பெண்மணி இளங்குழந்தையாயிருந்தபோதே பார்வை இழந்தவர். பியானோவில் ஒப்பற்ற தேர்ச்சி பெற்று, 1783 முதல் பாரிஸ், லண்டன் முதலிய நகரங்களுக்குச் சென்று வாசித்தார். பிற்காலத்தில் வியன்னாவில் சங்கீதப் பாடசாலை ஒன்றையும் நடத்தி, 1824இல் மறைந்தார். பாரிஸில் அவரைக் கண்டு பழகிய வாலன்டைன் ஹவுய் என்பவர், கண்ணற்றோர்க்கும் கல்வி இயலும் என்னும் உறுதி பெற்று 1785இல் ஒரு பள்ளியை நிறுவினார். அப்பள்ளியில் 1819இல் மாணவராய்ச் சேர்ந்தவரே லூயி பிரெயில். அவர் 1829இல் வெளியிட்ட புள்ளி எழுத்து முறையில் மொழியை எழுதுவதற்கு மட்டுமன்றிச் சங்கீதத்தை எழுதுவதற்கும் வழி வகுத்திருந்தார். அவர் தாமும் பாரிஸ் கோயில்களில் ஆர்கன் வாசித்தவர். ஒரு பியானோ விதுஷியின் வெற்றி ஒரு பள்ளியைத் தோற்றுவிக்கத் துணைசெய்தது. அப்பள்ளி உலகத்துப் பார்வையற்றோர் அனைவர்க்கும் எழுத்தைக் கொடுத்தது.

இவ்வுதவிகளுள் ஒன்றேனும் கும்பகோணத்துச் சிறுவனுக்குக் கிட்டவில்லை. ஆயினும் ஒரு வழி திறந்திருந்தது. நம் நாட்டுச் சங்கீதம் அந்நாளில் புத்தகத்தால் கற்கப்படுவதன்று. ஆசிரியன் பாட மாணவன் கேட்டு, கேட்டதைத் திருப்பிப் பாடி, பிழையுற்ற இடத்தில் திருத்தப்பெற்று, நூறு முறை சொல்லி நெஞ்சில் இருத்திக்கொள்வதே முறை. கண்ணுள்ள மாணவனும் செவியால்தான் கற்றான். ஆகவே இக்கல்வியின் வாயிலில் பார்வையற்ற சிறுவன் மற்றவர்களுக்குச் சமமாகவே நின்றான். சரப சாஸ்திரியார் அவ்வாயிலின் வழியே நுழைந்தார். தாம் இழந்ததை எண்ணி வருந்திக்கொண்டிராமல், தமக்கு எஞ்சியிருந்த செவியையும் நினைவையும் விரலையும் மூச்சையும் கூர்மையாக்கிக்கொள்வதில் முயன்றார்.

பார்வையற்றோர்க்குச் செவிப்புலன் பிறவியிலேயே மிகுதி என்று சிலர் கூறுவர். இக்கூற்றில் அவர்களுடைய உழைப்பு மறைந்துபோகின்றது. செவி தானே கூர்மையாகிவிடுவதில்லை, கூர்மையாக்கப்படுகின்றது. ஒருமுறை கேட்ட கீர்த்தனத்தைக் கண்ணுள்ளவன் வேண்டுமாயின் ஓலையிலோ காகிதத்திலோ குறித்து வைத்துக்கொண்டு பிறகு பார்க்கலாம். குறிப்பு எழுத வழியில்லாதவனோ கேட்கும்போதே முழுவதையும் கொள்ள வேண்டும். கொண்டதை நாள்தோறும் ஓதிக் காக்க வேண்டும். நூற்றுக்கணக்கான உருப்படிகளை அவ்வாறு நினைவிற் சேமித்து வைத்தல் பெருந்தவம் அன்றோ? அத்தவத்தையே மக்கள் இயற்கையின் கொடை என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றனர்.

வாய்ப்பாட்டையோ வீணையையோ அவர் கொண்டிருந்தால், முன்னோர் வகுத்த பாதை தெளிவாய் இருந்திருக்கும். அவர் கொண்டதோ புல்லாங்குழல். இங்கேதான் அவருடைய வாழ்க்கையின் பெரிய தடை எதிர்ப்படுகின்றது. அவரை எதிர்த்து நின்ற தடைகளுள் கண்ணின்மை சிறியது. குழலைப்பற்றி உலகம் கொண்டிருந்த இகழ்ச்சியே பெரியது. கண்ணின்மையைத் தம் உழைப்பினாலேயே ஒருவன் வென்றுவிடலாம். பிறர் மனத்திலுள்ள எண்ணத்தை வெல்ல வேண்டுமாயின், அவர்களே மறுக்க முடியாதபடி செய்து காட்டுதல் வேண்டும்.

அவர் செய்து காட்டியது யாதென்பதை விளங்கிக்கொள்ளக் குழலின் இயல்பைச் சிறிது அறிதல் நலம். நன்கு முற்றி உலர்ந்த, கணு இடையிடாத மெல்லிய மூங்கிலே குழலுக்கு ஏற்றது. அதன் நீளத்தையும் உட்குழிவையும் பொறுத்துச் சுருதி அமையும். வீணைக்கும் பிடிலுக்கும் முறுக்காணி உண்டு. வேண்டியவாறு ஏற்றலாம், இறக்கலாம். குழலுக்கு அது இல்லை. ஒரு குழல் ஒரு சுருதிக்கே உரியது. மற்ற வாத்தியங்களே அதனோடு ஒத்துக்கொள்ள வேண்டும். நம் சங்கீதக் குழலில் விரலிடும் துளைகள் எட்டு. வேண்டிய சுரத்தானங்களோ பன்னிரண்டு. ஆகவே முழுத்துளையை மூடியும் திறந்தும் வரும் ஒலிகள் போதா. அரைத்துளையும் கால்துளையுமாக மூடிப் பிற தானங்களைப் பிறப்பித்தல் வேண்டும். மேல் ஸ்தாயிக்கு மூச்சின் விசையை மிகுத்தல் வேண்டும். கீழ் ஸ்தாயிக்கு அதனைத் தளர்த்துதல் வேண்டும். மூச்சு அணுவளவு மிகினும் குறையினும் சுருதி பிறழும்.

இவற்றுள் எதற்கேனும் கண் உதவுமா என்று நோக்குவோம். குழலை வாயின் வலப்புறமாகக் குறுக்கே பிடித்து வாசிப்பதால், வாசிப்பவன் தன் விரலையும் துளையையும் பார்க்க இயலாது. விரல் எவ்வளவு துளையை மூடியுள்ளது என்பதை விரல்நுனியே உணர வேண்டும். அதனாற் பிறக்கும் ஒலி சரியா என்பதைச் செவியே முடிவு செய்ய வேண்டும். எனவே இக்கருவியின் நுட்பங்கள் யாவும் தொடுவுணர்ச்சிக்கும் கேள்விக்கும் உட்பட்டவை. சாஸ்திரியார் தம்மிடம் முழுமையாய் இருந்த இவ்விரண்டு புலன்களையும் கொண்டு, துளைகளை மெல்ல மெல்ல மூடியும் விடுத்தும், விரலைத் தேய்த்து நகர்த்தியும், மூச்சை அதற்கேற்ப அடக்கியும் பயின்றார். படிக்கட்டு என்று கருதப்பட்ட துளைகளின் இடையே இழைந்து செல்லும் வழியை அவ்வாறு கண்டார். கமகம் நிறைந்த இராகங்களும், விளம்ப காலத்துக் கீர்த்தனங்களும் குழலில் ஒலிக்கலாயின. வாய்ப்பாட்டுக்காரர் பாடும் முறையிலேயே குழலை வாசிப்பதற்கு உரிய விரலடைவுகளை வகுத்த பெருமை அவரைச் சேரும். சங்கீத வரலாறு எழுதுவோர், கர்நாடக சங்கீத மேடையில் குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக ஆக்கியவர் அவரே என்று அவருக்கு முதலிடம் தருகின்றனர்.

தனிக் கச்சேரி என்பது தனியே வாசித்தல் மட்டும் அன்று. பிடிலும் மிருதங்கமும் பக்கத்தில் அமர, அவர்களையும் நடத்திச் செல்ல வேண்டும். பாட்டுக்காரன் கையால் தாளமிட்டும், தலையசைத்தும், கண்ணால் குறிப்புக் காட்டியும் பக்கவாத்தியக்காரரோடு உரையாடுவான். குழலூதுபவனுக்கு இருகையும் குழலிலேயே உள்ளன. பார்வையும் இல்லையாயின் கண்குறிப்பும் இல்லை. தாளத்தை உள்ளத்தே எண்ணி, மற்றவர் வாசிப்பதைக் கேட்டு, தம் வாசிப்பினாலேயே அவர்களுக்குக் குறிப்புணர்த்தி, மூன்று நான்கு மணி நேரம் சபையைத் தம்வயமாக்கி வைத்திருத்தல் எத்தகைய திறம்! மகாவித்துவான்களின் பாட்டைக் கேட்டுப் பழகிய சோழநாட்டுச் சபையோர், இரக்கத்தின் பொருட்டுப் புகழ்கின்றவர்கள் அல்லர். பிழை கண்டவிடத்து முகத்திற்கெதிரே கூறிவிடும் கூட்டம் அது. அத்தகையோர் நடுவே அவர் பெற்ற புகழ், வித்துவானுக்குரிய புகழ்.

இதனோடு ஒத்த நிகழ்ச்சியொன்று நம் கரிசல் நாட்டோடும் தொடர்புடையது. முத்துசாமி தீக்ஷிதரின் தம்பியாராகிய பாலுசாமி தீக்ஷிதர், சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்று, அந்நியக் கருவியாகிய அதனை நம் சங்கீதத்திற்கு இசையுமாறு பழக்கியவர்களுள் முதல்வர். அவரை அழைத்து ஆஸ்தான வித்துவானாக்கி ஆதரித்தது எட்டயபுரம் சமஸ்தானம். தம்பியாரைக் காண வந்த முத்துசாமி தீக்ஷிதர் 1835இல் எட்டயபுரத்திலேயே இறைவனடி எய்தினார். கடலுக்கு அப்பாலிருந்து வந்த பிடிலுக்குச் சபையில் இடம் கிடைத்த பிறகும், இந்நாட்டு மூங்கிலிற் பிறந்த குழல் வாயிலில் காத்து நின்றது. அதன் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் செல்ல, வழி காணும் கண் இல்லாத ஒருவர் வர வேண்டியிருந்தது.

வியப்புக்குரிய மற்றோர் ஒற்றுமையும் உண்டு. குழலின் பண்டை இலக்கணத்தை விரித்துரைக்கும் அடியார்க்குநல்லார் உரையோடு சிலப்பதிகாரத்தைச் சாமிநாதையர் 1892இல் முதன்முதலாக முழுமையாக அச்சிட்டு வெளிப்படுத்தினார். அப்போது அவர் வாழ்ந்த ஊர் கும்பகோணம். அதே ஊரில் அதே ஆண்டில் சரப சாஸ்திரியார் இருபது வயது இளைஞர். ஒருவர் தம் கண்ணை வருத்திச் செல்லரித்த ஏடுகளிலிருந்து குழலின் பெருமையை மீட்டார். மற்றவர் கண்ணில்லாமலே தம் மூச்சினால் அப்பெருமையை மீட்டார். நூலில் மீண்டதும் நாவில் மீண்டதும் ஒரே நகரத்தில் என்பது கும்பகோணத்திற்கு நீங்காத புகழாகும்.

சாஸ்திரியாருடைய புலமை குழலளவில் நிற்கவில்லை. அக்காலத்தில் தஞ்சை கிருஷ்ண பாகவதரால் தென்னாட்டில் சிறந்து பரவிய ஹரிகதைக் கலையிலும் அவர் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தார். கதாகாலட்சேபத்திற்குப் பாட்டும் வேண்டும். வடமொழி, தமிழ், மராட்டி முதலிய மொழிகளின் பயிற்சியும் வேண்டும். புராண அறிவும் வேண்டும். பிறர் படிக்கக் கேட்டே இவற்றைத் தேடிக்கொண்டு, கதைகளைக் காலட்சேபத்திற்கு ஏற்றவாறு அமைத்துப் பிறர்க்குப் பயிற்றும் அளவிற்கு அவர் உயர்ந்தார். பிற்காலத்தில் ஹரிகதையில் பெரும்புகழ் பெற்ற மாங்குடி சிதம்பர பாகவதர் அவரிடம் பயின்றவர். ஒருவர் படிக்க ஒருவர் கேட்கும் கல்வியில், படித்தவனைவிடக் கேட்டவன் மிகுதியாகக் கொண்டு செல்வதும் உண்டு என்பதற்கு இது சான்று.

குழலில் அவருடைய வழியைத் தாங்கி நின்றவர் பல்லடம் சஞ்சீவ ராவ். 1882இல் பிறந்த அவர், கும்பகோணத்தில் சாஸ்திரியாரிடம் குருகுலவாசமாயிருந்து கற்றார். பார்வையுள்ள மாணவனுக்குப் பார்வையில்லாத ஆசிரியர் வழிகாட்டினார். விரல் எங்கு நிற்க வேண்டுமென்று பார்த்துச் சொல்ல அவ்வாசிரியரால் இயலாது. எழும் ஒலியைக் கேட்டே விரலின் பிழையை உணர்ந்து திருத்தியிருக்க வேண்டும். அப்பயிற்சியின் பயனாகச் சஞ்சீவ ராவ் ஏறத்தாழ அரை நூற்றாண்டு தென்னாட்டுக் குழலிசைக்குத் தலைவராய் விளங்கினார். சென்னை மியூசிக் அகாடமி 1943இல் அவருக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் அளித்தது. ஆசிரியர் தொடங்கிய செயல் மாணவர் காலத்தில் முழு வெற்றி பெற்றது என்பதற்கு இப்பட்டமே அடையாளம். சஞ்சீவ ராவ் 1962இல் மறைந்தார். அவர் வாழ்ந்திருந்த காலத்திலேயே, திருவிடைமருதூரில் 1926இல் பிறந்த டி. ஆர். மகாலிங்கம் வேறு புது விரலடைவோடும் ஊதுமுறையோடும் தோன்றிக் குழலிசையை மற்றொரு படி உயர்த்தினார். வழி மாறினும், குழல் சபைக்கு உரியதா என்னும் வினா அப்போது எழவில்லை. அவ்வினாவுக்கு விடை கும்பகோணத்தில் முன்னரே சொல்லப்பட்டுவிட்டது.

சரப சாஸ்திரியார் 1904ஆம் ஆண்டில், முப்பத்திரண்டாம் வயதில் காலமானார். பெரிய வித்துவான்கள் பலர் தம் கலை கனிந்து நின்றது ஐம்பதுக்கு மேலே என்பதை நினைக்குங்கால், அவருடைய மறைவால் நாடு இழந்தது எவ்வளவென்று நாம் உணரலாம்.

அவர் மறைந்த அதே 1904இல்தான் நம் எட்டயபுரத்தில் ஒரு பெருஞ்செயல் நிறைவேறியது. பாலுசாமி தீக்ஷிதரின் மகள்வயிற்றுப் பேரரும் சுவீகாரப் புத்திரருமாகிய சுப்பராம தீக்ஷிதர் இயற்றிய சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் நூல், சமஸ்தானத்தின் வித்தியா விலாசினி அச்சுக்கூடத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சாகி வெளிவந்தது. இராக இலக்கணங்களும் நூற்றுக்கணக்கான கீர்த்தனங்களும் கமகக் குறியீடுகளோடு அதில் எழுதப்பட்டுள்ளன. அந்நூல் வெளிவர வேண்டுமென்று தூண்டியவர்களுள் முதன்மையானவர் சென்னை அ. மு. சின்னசாமி முதலியார் என்னும் கிறிஸ்தவப் பெரியார். அவர் தம் கைப்பொருளைச் செலவிட்டு, நம் கீர்த்தனங்களை ஐரோப்பிய சங்கீதக் குறியீட்டில் எழுதி 1890களில் அச்சிட்டவர். அவ்வேலையின் நுணுக்கத்தால் தம் கண்பார்வை கெடுமளவிற்கு உழைத்தவர். காகிதத்தில் சங்கீதத்தைக் காக்கும் பொருட்டு ஒருவர் தம் கண்ணைக் கொடுத்தார். காகிதத்தைக் காணக் கண்ணில்லாத மற்றொருவர், தம் சங்கீதத்தை மாணவர் செவியிலும் விரலிலும் எழுதி வைத்துச் சென்றார். இருவகை எழுத்தும் அழியாமல் நின்றன.

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? பார்வையற்ற ஒருவர் பெருஞ்செயல் செய்தாரென்று கேட்டவுடன் வியப்படைவது நம் இயல்பு. அவ்வியப்பின் உள்ளே ஒரு குறை மறைந்துள்ளது. கண்ணில்லாதவரால் இயலாது என்று முன்னமே முடிவு செய்திருந்ததனாலன்றோ வியக்கின்றோம்? சாஸ்திரியாரின் சபையோர் அவருடைய கண்ணை மறந்து குழலைக் கேட்டனர். அதுவே அவருக்கு அவர்கள் செய்த மரியாதை. தமிழுலகம் இம்மரியாதையை அறியாததன்று. அந்தகக்கவி வீரராகவ முதலியாரையும், பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலரையும் அவர்தம் பாட்டின் பொருட்டே நம் முன்னோர் போற்றினர். ஆயினும், போற்றப்பட்ட ஒரு சிலருக்குப் பின்னே, ஆசிரியர் கிடைக்காமையால் மூலையில் இருந்து மறைந்த பிள்ளைகள் எத்தனை பேரோ! அவர்களுக்கு அறிவு இல்லாமல் இல்லை. சொல்லிக்கொடுக்க முன்வந்தவர் இல்லை.

சரப சாஸ்திரியாருக்கு வாய்த்த நல்வினை, அவர் பிறந்த ஊரும் அவ்வூரில் நிலவிய செவிவழிக் கல்வியுமாகும். கும்பகோணத்து வீதியில் தானே ஒலித்த சங்கீதம் நம் கரிசல் ஊர்களின் தெருவில் ஒலிப்பதில்லை. ஆகவே இங்குள்ள பார்வையற்ற பிள்ளைக்குக் கல்வி தானே வந்து எட்டாது; யாரேனும் கொண்டுபோய்ச் சேர்த்தல் வேண்டும். பாளையங்கோட்டைப் பள்ளி தொடங்கிய 1890க்கும் நம் காலத்திற்கும் இடையே நூற்றாண்டுக்கு மேல் கழிந்துவிட்டது. புள்ளி எழுத்து தமிழுக்கும் வந்துவிட்டது. எழுத்தைப் படித்து ஒலிக்கும் கருவிகளும் தோன்றிவிட்டன. இவ்வளவு வசதிகள் வந்த பின்னரும், ஒரு சிற்றூரில் ஒரு பிள்ளை கண்ணில்லாமையால் பள்ளிக்கு அனுப்பப்படாமல் இருக்குமாயின், அதற்குக் கண்ணின்மை காரணம் அன்று. கண்ணுள்ள அயலார் காணாமையே காரணம்.

கல்லூரியில் பயிலும் நாம் விடுமுறைக்கு நம் ஊர் செல்லுங்கால் இதனை நினைவிற் கொள்வோமாக. நம் தெருவில் அத்தகைய பிள்ளை ஒன்று இருப்பின், அதன் பெற்றோரிடம் பள்ளியின் பெயரைச் சொல்வதும், விண்ணப்பத்தை எழுதிக்கொடுப்பதும், நாள்தோறும் அரைமணி நேரம் ஒரு நூலைப் படித்துக் காட்டுவதும் நம்மால் இயலாத செயல்கள் அல்ல. சாஸ்திரியாருக்கு நூல் படித்துக் காட்டியவர்களின் பெயர்கள் வரலாற்றில் நிற்கவில்லை. ஆயினும் அவர்கள் படிக்காதிருந்தால், அவருடைய புலமை அவ்வளவு விரிந்திராது. பெயர் நில்லாத அத்தொண்டு நம் ஒவ்வொருவர்க்கும் எட்டும் தூரத்திலேயே உள்ளது.